துணிப் பரணின் நான்கு கால்கள்

அண்ணாச்சி, இன்று காலை ஆபீஸ் அலமாரியை ஒழிக்கும்போது, நாம் இருவரும் சேர்ந்து எழுதிய அந்தப் பயிற்சி நோட்டு கையில் சிக்கியது. உள்ளே ஒட்டியிருந்த கலர் பிரிண்டில், முழுக்க நீலமாக ஒரு இரும்புப் பரண்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நம் இரும்பு வேலைப் பட்டறைதான் அந்த ஐந்து நாள் வகுப்புக்கு அனுப்பியது. எஃப்.இ.ஏ. சாஃப்ட்வேர். இரும்புச் சட்டத்தை வரைந்து பாரத்தை ஏற்றினால், தாங்கும் இடத்தை நீலமாகவும் ஆபத்தான இடத்தைச் சிவப்பாகவும் காட்டும். இருவருக்கு ஒரு கம்ப்யூட்டர். நான் மவுஸைப் பிடித்தால் விடமாட்டேன். "எனக்கும் கொஞ்சம் குடும்வே, நானும் படிக்கத்தான் வந்திருக்கேன்" என்பீர்கள்.

கடைசி நாள், அவரவர் வேலையை வரையச் சொன்னார்கள். முந்தின வாரம் ஒரு பனியன் கம்பெனியில் நான் நிறுத்தியிருந்த பரணை வரைந்தேன். மேலே துணி ரோல்களை அடுக்குவார்கள். அடியில் உட்கார்ந்து, தைத்த பனியன்களைச் சரிபார்க்கும் செக்கிங் பெண்கள். அவர்களில் உங்கள் மனைவியும் ஒருவர். புத்தகத்தில் இருந்தபடி திரையில் நான்கு கால்களையும் தரையோடு பிணைத்தேன். எல்லாம் நீலம். வகுப்பு எடுத்தவரே பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"காலை எதுலவே கட்டியிருக்கீரு?" என்றீர்கள்.

"தரையோட ஃபிக்ஸ் பண்ணியிருக்கறனுங்க."

"இங்க சரி. அங்க?"

அங்கே போல்ட்டே இல்லை. வாடகை ஷெட், தரையைத் துளைக்கக் கூடாது என்று ஷெட் சொந்தக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார். வேறு ஷெட்டுக்குப் போனால் கழற்றிக்கொண்டு போகலாமே என்று, நம் ஊரில் எல்லாரும் செய்வதுபோல், சும்மா நிறுத்திவிட்டு வந்திருந்தேன். நீங்கள் மவுஸை வாங்கிக் கால்களை அவிழ்த்து, தள்ளுவண்டி இடிக்கிற அளவுக்குப் பக்கத்திலிருந்து ஒரு விசை கொடுத்தீர்கள். பரண் நிற்காமல் நழுவி, படம் திரையை விட்டே ஓடிப்போனது. அன்று மத்தியானம்தான் ரோல் ஏற்றுவதாக இருந்தார்கள்.

கம்பெனியில் யாரும் போன் எடுக்கவில்லை. வகுப்பைப் பாதியில் விட்டு, உங்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பைக்கில் அங்கே விரைந்தேன்.

ரோல்களை ஏற்றி முடித்திருந்தார்கள். பின்பக்கக் கால் ஒன்று நாலு விரற்கடை நகர்ந்திருந்தது. அடியில் பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கத்த வாயெடுத்தேன். கத்தினால் பதறி எழுந்து பரணில் மோதுவார்கள் என்று நீங்கள் என் கையை அழுத்திவிட்டு, "எல்லாரும் வெளிய வாங்க, டீ வந்திருக்கு" என்றீர்கள். ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். உங்கள் மனைவி மட்டும் செருப்பைத் தேடி மறுபடி உள்ளே குனிந்தார். அவர் வெளியே வந்த பிறகுதான் டீ வாங்க ஆள் அனுப்பினீர்கள்.

ரோல்களை இறக்கி, குறுக்குச் சட்டம் வைத்து, பரணைச் சுவர்த் தூண்களோடு கட்டினோம். "இத யார்ட்டயும் சொல்லாண்டாம்வே" என்றீர்கள். இன்றும் படம் நீலமாக வந்தால் நான் நம்புவதில்லை. நேரில் போய், குனிந்து காலைப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவதில்லை.

போன மாதம் உங்கள் அடக்கத்தன்று, உங்கள் மனைவி என்னைப் பார்த்ததும் அழுதார். "அண்ணே, நீங்க போட்ட பரணுக்கு அடியில பயமில்லாம உக்காருன்னு இவுக சொல்லுவாக. கடைசி வரைக்கும் அங்கதான் உக்காந்து வேல பாத்தேன்" என்றார்.

அவரிடம் உண்மையைச் சொல்லவும் துணிவில்லை, சொல்லாமல் அவர் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. இனி இது தெரிந்தவன் நான் ஒருவன்தான். தனியாச் சுமக்க எனக்குப் பயமா இருக்குதுங்க.