பூமியிலிருந்து வந்த நல்ல நேரம்

வியாழன், 06:00
செவ்வாய் கிரகம், மூன்றாம் தூசி நிலையம். பதிபவன் ஆவுடையப்பன், இங்குள்ள ஒரே பணியாளன். காற்றழுத்தம் சரி. குடிநீர் சரி. காலையில் இருமியபோது முடி வந்தது. எனக்கு முழு வழுக்கை.

வியாழன், 11:40
ஸ்கேன் எடுத்தேன். நெஞ்செலும்புக்குப் பின்னால் ஆரஞ்சு அளவில் கட்டி. உள்ளே கொழுப்பு, முடி, இரண்டு பல். பெயர் டெரட்டோமா. கருவில் வழிதவறிய செல்கள் என்னைக் கேட்காமல் நாற்பது வருடம் குடித்தனம் நடத்தியிருக்கின்றன. புற்றுநோய் அல்ல. ஆனால் மூச்சுக்குழலை அழுத்துகிறது. நெஞ்சைப் பிளந்து முழுதாக எடுக்க வேண்டும். அறுவை இயந்திரம் தயார். பூமி அனுமதி மின்சாவி அனுப்பினால்தான் கத்தியைத் தொடும்.

வெள்ளி, 10:15
பூமிக் கட்டுப்பாட்டு அறைத் தலைவர் சபாபதி: "புத்துநோய் இல்லேன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் என்ன சார் அவசரம்? இன்னிக்கு அஷ்டமி, நாளைக்கு நவமி. திங்கக்கிழமைக்கு ஜோசியக் குழு நேரம் குறிச்சுக் குடுத்துடும்."
இங்கே இரண்டு நிலா. எதன் அஷ்டமி என்று கேட்டிருக்கிறேன்.

வெள்ளி, 15:00
ஊரிலிருந்து மனைவி செண்பகவல்லி: "ஏங்க, உள்ள பல்லு வேற இருக்காம்லா. போன வருசம் விழுந்த பல்லு அங்கதான் போயிருக்கோ? சிரிக்காதீங்க, இருமல் வரும்."
வந்தது.

ஞாயிறு, 16:20
படுத்தால் மூச்சு நிற்கிறது. உட்கார்ந்தே தூங்குகிறேன். வியாழனன்று அறுத்திருந்தால் பெரிய ஆபத்தில்லை. இனி மல்லாக்கக் கிடத்தி மயக்கினால் தசை தளர்ந்து, கட்டி மூச்சுக்குழலை மூடிவிடும். இதை மூன்று முறை அனுப்பினேன். "தைரியமா இருங்க" என்று ஒரு முறை பதில் வந்தது.

திங்கள், 09:32
சாவி வந்தது. 9:10 முதல் 9:30 வரை செல்லும். சபாபதி தேங்காய் உடைத்து, சரியாக 9:10க்கு அனுப்பியிருக்கிறார். பூமியிலிருந்து செய்தி வர இருபத்திரண்டு நிமிடம் ஆகும். அந்த அறையில் நானூறு விஞ்ஞானிகள் இருக்கிறார்கள்.

திங்கள், 10:25
சபாபதி: "அடடா. சரி விடுங்க சார், அடுத்த முகூர்த்தம் வியாழக்கிழமை."
அதுவரை மூச்சு தாங்காது. நிலையக் கடிகாரத்தை 9:10க்குத் திருப்புகிறேன். இயந்திரம் அதைத்தான் நம்பும்.

திங்கள், 09:14, இரண்டாம் முறை
சாவி திறந்தது. உட்காரவைத்து அறு என்றேன். அதற்கு உட்கார்ந்த நோயாளியைத் தெரியாது, படு என்கிறது. 9:30க்குள் முதல் வெட்டு விழுந்தால் பிழைப்பேன். இந்தப் பதிவைக் கண்டெடுப்பவரே, நான் செத்தால் கட்டியால் செத்தேன் என்று எழுதாதீர்கள். கட்டி யாரையும் காத்திருக்கச் சொல்லவில்லை. செண்பகா, அந்தப் பல்லை உனக்குக் கொண்டு வர

திங்கள், 09:30, அறுவை இயந்திரத்தின் பதிவு
நோயாளி படுத்துள்ளார். மயக்கம் இப்போதுதான் பூரணம். மூச்சு இல்லை. சாவியின் நேரம் முடிந்தது. வியாழன் முகூர்த்தம் வரை காத்திருக்கிறேன்.