பாலத்தில் விட்டு வந்த தோழன்

ஆவணி 9, திங்கள்

நிச்சயமாகி ஒரு வாரம் ஆகிறது. திருமயத்து மாப்பிள்ளைக்கும் எனக்கும் ஒரே வீடியோ கேம்தான் உயிர் என்று இன்றுதான் போனில் தெரிந்தது.

அதில் பாலம் இடியும்போது தோழனைக் காப்பாற்றலாம், இல்லையென்றால் விட்டுவிட்டு ஓடலாம்.

"நான் ஓடலைங்க, தூக்கிக்கிட்டுத்தான் வந்தேன்" என்றார்.

"நானுந்தாங்க" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் அவரே, "'நீ போ, நான் வாரேன்'னு அவன் சொல்ற எடத்துல அழுதுட்டேங்க" என்றார்.

விட்டுவிட்டு ஓடியவர்களுக்கு மட்டுந்தான் அவன் அதைச் சொல்வான். விளையாட்டில் ஓடியதற்கே பொய் சொல்கிறவர் நாளைக்கு எதற்குத்தான் சொல்லமாட்டார்? மாலையிலிருந்து மனசு ஆறவில்லை.

இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. "ஆமாங்க, நானும் அழுதேன்" என்று நான் சொன்ன பிறகுதான் அவர் பேச்சு குறைந்தது.