நாற்பத்திரண்டு தலைப்புகள்

ஜூன் 4

அண்ணாவுக்கு,

நான் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். அடுத்தவர் நிம்மதியைக் கெடுத்தவர்களுக்கு உடம்பு நன்றாகவே இருக்கும். இத்தனை வருடமாக ‘நீ’ என்றுதான் எழுதி வந்தேன். இன்று கோபத்தில் இருக்கிறேன், அதனால் ‘நீங்கள்’.

புத்தகப் பார்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் என் எக்ஸ்ரே அறை வாசலிலேயே நின்று பிரித்தேன். ஐம்பத்திரண்டு வயதில் என் முதல் புத்தகம். நீங்கள் பெரிய கவிஞர், சொந்தமாகப் பதிப்பகம் நடத்துகிறவர், அதிலும் கூடப் பிறந்தவர் என்றுதானே கவிதை நோட்டை அப்படியே தூக்கிக் கொடுத்தேன்? என் கவிதை ஒன்றுக்குக்கூடத் தலைப்பு கிடையாது. புத்தகத்தில் நாற்பத்திரண்டுக்கும் இருக்கிறது.

மூச்சைப் பிடிங்க என்றேன்.
பிடித்தார்.
நானும்.

இதற்கு மேலே கொட்டை எழுத்தில் ‘கருணை’. எங்கிருந்து வந்தது கருணை? அந்த ஆளின் நெஞ்சுக்குள் என்ன தெரியப்போகிறதோ என்று எனக்குப் பயம். அவ்வளவுதான். படம் எடுக்கும்போது ஒருவர் மூச்சை அடக்குகிற நேரத்துக்குள் சொல்லி முடிக்க முடியாத எதையும் நான் எழுதுவதில்லை. முப்பது வருடமாக அதுதான் என் அளவு. வாசகர் மூச்சை இழுப்பதற்கு முன்பே உங்கள் தலைப்பு எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடுகிறது.

முன்னுரையில் என்ன எழுதினீர்கள்? ‘என் தங்கை பொழுது போகாத வேளைகளில் கிறுக்கியவை.’ பில் போடுகிற பெண் அதைப் படித்துவிட்டு, “என்னக்கா, உங்களுக்கு இங்க பொழுது போகாம வேற இருக்கா?” என்று கேட்டாள். வெளியே அப்போது முப்பது பேர் வரிசையில் நின்றார்கள்.

பதினெட்டாம் தேதி வெளியீட்டு விழாவை நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
தங்கை

*

ஜூன் 7

அன்புள்ள வாலு,

உன் கடிதத்தைப் படித்து விழுந்து விழுந்து சிரித்தேன். சின்ன வயதில் என் பென்சிலையெல்லாம் கடித்துத் துப்புவாயே, அதே வாலுதான் நீ. கொஞ்சமும் மாறவில்லை.

தலைப்பில்லாத கவிதை கதவிலக்கம் இல்லாத வீடு. வாசகர் எப்படி உள்ளே வருவார்? வெறும் மூன்று வரியை நீட்டினால் தும்மல் என்று நினைத்துவிடுவார்கள். முப்பது வருடம் இந்தத் துறையில் இருக்கிறேன், எனக்குத் தெரியாதா? கொஞ்சம் கைகொடுத்தேன், அதற்கா இவ்வளவு கோபம்?

அழைப்பிதழ் போய்விட்டது. மண்டபம் சொல்லியாகிவிட்டது. தலைமை தாங்க வருகிறவர் லேசில் யாருக்கும் ஒத்துக்கொள்ளாதவர். இப்போது நிறுத்தினால் என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது? ஒழுங்காக லீவு போட்டுவிட்டு வந்து சேர். மேடையில் நீ எதுவும் பேச வேண்டியதில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்

*

ஜூன் 10

அண்ணாவுக்கு,

நான் எதுவும் பேச வேண்டியதில்லையா? பேசுகிறேன். பதினேழாம் பக்கத்தைத் திறங்கள்.

அண்ணன் எழுதுறான், சத்தம் போடாதே.
இப்படி வளர்ந்தேன்.
சின்னதாகவே பேசுகிறேன்.

இதற்கு நீங்கள் வைத்திருக்கிற தலைப்பு ‘பாசம்’. அதைப் பார்த்ததும் புத்தகத்தை மூடினேன், அந்தப் பக்கத்தை மறுபடி திறக்க மனம் வரவில்லை. முதல் கடிதத்தில் இதை எழுத முடியாததற்குக் காரணம் அதுதான்.

நம் வீட்டில் இரண்டே அறை. ஒன்றில் நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுவீர்கள். மற்றதில் அப்பா, அம்மா, நான், தையல் மிஷின். நீங்கள் எழுதும்போது அம்மா மிஷினைக்கூட மிதிக்க மாட்டாள். நான் பாடத்தை உதட்டுக்குள்ளேயே படித்துப் பத்தாம் வகுப்பு வரை வந்தேன். தும்மல் என்கிறீர்களே, அந்த அளவு அங்கேயிருந்துதான் வந்தது. வெகுநாள் அதை வெறுத்தேன். பிறகு அதற்குள்ளேயே உட்கார்ந்து வேலை செய்யக் கற்றுக்கொண்டேன். இப்போது அது என் இடம். யாரும் கதவிலக்கம் மாட்ட வேண்டாம்.

விழாவை நிறுத்தாவிட்டால் நான் வருவேன். மேடையேறி, பக்கம் பக்கமாகத் தலைப்பைக் கிழித்து உங்கள் தலைவர் கையில் கொடுப்பேன். பூச்சாண்டி காட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள்.

தங்கை

*

ஜூன் 13

வாலு,

விழாவை நிறுத்திவிட்டேன். உடம்பு சரியில்லை என்று எல்லோரிடமும் பொய் சொன்னேன்.

நாலு வருடமாக எனக்கு ஒரு வரி வரவில்லை. தினமும் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருகிறேன். உன் அண்ணி இப்போதும் பாத்திரத்தைச் சத்தமில்லாமல் கழுவுகிறாள். உள்ளே நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது.

உன் கவிதைகள் அச்சுக்குத் தயாராகி வந்த அன்று முதல் பக்கத்தில் ஒரு தலைப்பு எழுதிப் பார்த்தேன். கை ஓடியது. நாற்பத்திரண்டையும் ஒரே மூச்சில் எழுதினேன். எவ்வளவோ நாள் கழித்து அன்றைக்குத்தான் பசித்துச் சாப்பிட்டேன்.

பதினேழாம் பக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. நன்றாகவே புரிந்தது. அதனால்தான் அந்தத் தலைப்பை வைத்து மூடினேன்.

அண்ணன்

*

ஜூன் 16

அண்ணா,

இன்னும் கோபம்தான். உண்மையைச் சொன்னதும் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தால் ஏமாந்து போவாய். நாலு வருடமாக எழுத வரவில்லை என்று என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? அதற்கும் சேர்த்துக் கோபம். எழுதிப் பார்க்க உனக்கு என் தலைதானா கிடைத்தது?

புத்தகம் தலைப்பில்லாமல், முன்னுரையில்லாமல் வரட்டும். எப்போது வந்தாலும் சரி. அண்ணியிடம் போய் உண்மையைச் சொல். பாவம், அவள் தாராளமாகப் பாத்திரம் கழுவட்டும்.

நேற்று சாப்பாட்டு நேரத்தில் ஒரு பிரதியை எடுத்து, கட்டுப் பிரிக்கிற கத்தரிக்கோலால் உன் தலைப்புகளையெல்லாம் வெட்டியெடுத்தேன். என் கவிதைகள் பக்கத்தில் இல்லாமல் தனியாகப் படித்தேன். முப்பத்தைந்து குப்பை. ஆறு நன்றாக இருக்கின்றன. சொல்லவே பிடிக்கவில்லை, ஆனாலும் இருக்கின்றன. அந்த ஆறையும் தனித்தனித் தாளில் ஒட்டி இதோடு அனுப்புகிறேன். கீழே நீ எழுது.

ஏழாவது தாளில் ‘பாசம்’ இருக்கிறது. அது நன்றாக இருப்பதால் அனுப்பவில்லை. அதன் கீழே நீ என்ன எழுதுவாய் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

தங்கை