இனி சித்தி என்று கையெழுத்துப் போடு

பள்ளி விடுதி,
ஆகஸ்ட் 4

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். நீயும் உன் டிரைவிங் ஸ்கூல் காரும் நலமா? கல்லூரி விண்ணப்பம் முடியும்வரை ஃபோனைப் பிடுங்கி வைத்திருக்கிறார்கள். அதனால்தான் கடிதம்.

திட்டாதே அம்மா. விண்ணப்பக் கட்டுரையில் உன்னைப் பற்றித்தான் எழுதினேன். தனியாளாக என்னை வளர்த்தது, ஊருக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது எல்லாம். விண்ணப்பக் கட்டுரைகளைத் திருத்தி அனுப்பும் சார் அதைத் திருப்பித் திருப்பிக் கொடுத்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த காலேஜ்ல நூத்துல நாலு பேரைத்தான் எடுப்பாங்க. இதுல இழப்பு எங்கம்மா இருக்கு?" என்றார். எரிச்சலில், நீ இறந்துவிட்டதாக எழுதிக் கொடுத்தேன். அதையும் திருப்பித் தருவார் என்றுதான் நினைத்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அன்றே அனுப்பிவிட்டார்.

என்னைச் சேர்க்க வந்தது மாமாதான், உன்னை இங்கே யாரும் பார்த்ததில்லை. ஆனால் வருகிற கடிதங்களை வார்டன் பிரித்துப் படிப்பார். இனி சித்தி என்று கையெழுத்துப் போடு.

உன் மகள்


ஆகஸ்ட் 11

அக்கா மகளுக்கு,

சித்தி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், உன் அம்மாவைத் தவிர. அவள் இருந்திருந்தால் இந்நேரம் பஸ் பிடித்து வந்து உன் முதுகில் நாலு வைத்திருப்பாள். புண்ணியவதி போய்ச் சேர்ந்தாள், நீ பிழைத்தாய்.

சித்திக்கு மறதி அதிகம். உன் அம்மாவுக்கு வந்தது என்ன வியாதி என்று எழுது. யாராவது கேட்டால் நானும் அதையே சொல்லித் தொலைக்க வேண்டும். வலியில்லாத வியாதியாக இருந்தால் சந்தோஷம்.

நேரத்துக்குச் சாப்பிடு.

சித்தி


மார்ச் 2

அன்புள்ள அம்மாவுக்கு,

இடம் கிடைத்துவிட்டது. நேர்காணலில் உன்னைப் பற்றிக் கேட்டார்கள். அழுதுவிட்டேன். நடிப்பில்லை, பயம்.

தாங்க முடியாமல் சாரிடம் உண்மையைச் சொன்னேன். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "உன் கையெழுத்து மட்டுமா அதுல இருக்கு? என்னோடதும் இருக்கு. வெளிய தெரிஞ்சா நம்ம ஸ்கூல் பிள்ளைங்க ஒருத்தரையும் இனிமே எடுக்க மாட்டாங்க. வாயைத் திறக்காதே" என்றார். வேறு கல்லூரிக்குப் போகலாம் என்றால், எல்லாவற்றுக்கும் அதே கட்டுரைதான் போயிருக்கிறது.

பாராட்டு விழாவுக்குச் சித்திக்கு அழைப்பு வரும். தயவுசெய்து வராதே.

உன் மகள்


ஜூலை 9

அன்பு மகளுக்கு,

விடுமுறை முழுக்க வீட்டில் இருந்தாய். நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அதனால் எழுதுகிறேன். கல்லூரியில் பிரித்துப் படிக்க வார்டன் இல்லையே.

விழாவுக்கு வராதே என்றாய். பெற்ற மனசு கேட்கவில்லை, வந்தேன். உன் சார் என் முகத்தைப் பார்க்காமல், "அக்கா இல்லாத குறை தெரியாம வளர்த்திருக்கீங்க" என்றார். பிறகு தலைமையாசிரியை, உன் அம்மாவுக்காக எல்லோரையும் ஒரு நிமிடம் எழுந்து நிற்கச் சொன்னார். நானும் நின்றேன். எனக்கு நானே அஞ்சலி செலுத்திய கதையை யாரிடம் சொல்லிச் சிரிப்பது? உன்னிடம்தான் சொல்ல முடியும். நீயோ மேடையில் தலையைக் குனிந்துகொண்டாய்.

கோபம் போய்விட்டது, வருத்தம் போகவில்லை. ஊருக்குச் செத்தது செத்ததாகவே இருக்கட்டும். நமக்குள்ளாவது நான் உயிரோடு இருக்க வேண்டும். பதில் போடு.

உன் அம்மா


ஆகஸ்ட் 2

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நலம். என் கட்டுரையை இங்கே புது மாணவர்கள் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார்கள். தாயில்லாத பெண் என்று அத்தனை பேரும் அன்பாக இருக்கிறார்கள். ஒரு நிமிடம்கூடத் தனியாக விடுவதில்லை.

அறைத்தோழி பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். நீங்கள் அம்மா சாயலா என்று கேட்டாள். ஆமாம், அச்சு அசல் என்றேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அக்கா மகள்