வெயிலில் காய்ந்த பேட்டரிகள்

அன்புள்ள சங்குக்கு,

உன் தோழி பெட்டி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம். ஆபரேஷன் செய்த கழுத்தில் தையல் நன்றாக ஆறிவிட்டது என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்துக் காட்டியபோது என் வீட்டுக்காரர்கூட செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார். இதைப் போனில் சொல்லாமல் ஏன் கடிதம் எழுதுகிறேன் என்று கேட்பாய். பாட்டு என்ற வார்த்தையை எடுத்தாலே உனக்கு அடுப்பில் ஏதாவது தீய்ந்துபோய்விடுகிறது, போனை வைத்துவிடுகிறாய். கடிதத்தை நீ அப்படி வைக்க முடியாது. கிழித்துப் போடலாம், ஆனால் முழுவதும் படித்த பிறகு கிழி.

அடுத்த மாதம் வருகிறாய் என்றதும் நம் தகரம் தன் வங்கியில் விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். மேலாளரே விடுப்பு எடுத்தால் யார் கையெழுத்துப் போடுவார்கள் என்று கேட்டேன். நானே போட்டுக்கொள்வேன் என்கிறாள். எங்கள் சந்தோஷத்துக்கு நடுவில் உன் கடிதத்தின் கடைசிப் பத்திதான் முள்ளாகக் குத்தியது. வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, விடுதியில் நாம் மூவரும் பதிந்த கேசட்டைப் போட்டு, அதோடு சேர்ந்து பாடிப் பார்த்தாய். முதல் வரிகூட எட்டவில்லை. நாலு கட்டைச் சுருதிக்கு மேல் தொண்டை ஏறவே மாட்டேன் என்கிறது. சமையலறையில் உட்கார்ந்து அழுதாய். கேசட்டை அலமாரியின் அடித்தட்டில் துணிகளுக்குக் கீழே வைத்துவிட்டாய். உன் மகள் ஒரு பாட்டுப் பாடச் சொன்னதற்கு ஜலதோஷம் என்று பொய் சொன்னாய். “அந்தக் குரல் போய்விட்டது, இனி அதில் பாடுகிறவள் யாரோ ஒருத்தி” என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தாய். நீ கல்லூரியில்கூட எதற்கும் அடிக்கோடு போட்டவள் இல்லை.

சரி, இனி என் கதைக்கு வருகிறேன்.

போன மாதம் எங்கள் வீட்டு டேப் ரெக்கார்டர் மூச்சை நிறுத்திக்கொண்டது. கடைத்தெருக் கோடியில் பழைய ரேடியோ, டேப் எல்லாம் பழுது பார்க்கிற ஒருவர் இருக்கிறார். கண் பரிசோதனை நிலையத்தில் என் வேலை முடிந்ததும் அவரிடம் கொண்டுபோனேன். ரப்பர் வாரை மாற்றிவிட்டு, சோதித்துப் பார்க்கக் கையில் அகப்பட்ட ஒரு கேசட்டைப் போட்டார். ஏதோ சினிமாப் பாட்டு முடிந்தது. ‘கரகர’வென்று ஒரு சத்தம். அதன் பிறகு, ‘மாடிப்படி ஏறி வந்த மழையே, செருப்பைக் கழற்றிவிட்டு வா!’

ஆமாம், நீ விடுதிச் சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டே கட்டிய பாட்டு. நான் பிரார்த்தனை அறை ஆர்மோனியப் பெட்டியில் வாசித்தது, தகரம் தன் தகரப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டியது. ஊரில் எவனோ ஒருவனுடைய சினிமாப் பாட்டுக் கேசட்டின் கடைசியில் இது எப்படி வந்து உட்கார்ந்தது என்று எனக்குத் தலை சுற்றிவிட்டது.

கடைக்காரர்தான் விளக்கினார். அந்தக் காலத்தில் பாட்டுப் பதிவு செய்து தரும் கடைகள் இருந்தன அல்லவா, வேண்டிய பாட்டுகளைச் சொல்லிவிட்டு வந்தால் வெற்றுக் கேசட்டில் பதிந்து தருவார்கள். ஒரு பக்கம் முடியும்போது ஒன்றிரண்டு நிமிடம் மிச்சம் இருக்கும். முழுப் பாட்டு அதில் அடங்காது, வெறுமனே விட்டாலும் வாடிக்கையாளர் முகத்தைச் சுளிப்பார். எந்தக் கடையிலோ இந்தச் சின்னப் பாட்டு கிடைத்திருக்கிறது. மிச்ச நாடாவில் எல்லாம் இதைப் போட்டு நிரப்பிவிட்டார்கள். நம்மோடு படித்தவள் யாரோ நகல் எடுக்கக் கொடுத்திருக்க வேண்டும். நாம் மூன்று பேரும் ஊர் முழுக்க மற்றவர்களுடைய கேசட்டுகளின் வாலில் இத்தனை வருடமாகத் தொங்கிக்கொண்டிருக்கிறோம், சங்கு.

இன்னும் கேள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவர் கடையில் பழைய கேசட் பைத்தியங்கள் கூடுகிறார்கள். நானும் போனேன். ஸ்டூல் போதாமல் மரப்பெட்டிகள் மேல் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேருக்கு நம் பாட்டு தெரியும். அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘சின்னப் பொண்ணு பாட்டு’. பாடியது பத்து வயதுக் குழந்தை என்று ஒருவர் அடித்துச் சொன்னார். தன்னிடம் படித்த பெண்தான் என்று ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் உரிமை கொண்டாடினார். அந்தக் குழந்தை பிறகு வெளிநாடு போய்ப் பெரிய டாக்டராகிவிட்டது என்றார் ஒரு பல் வைத்தியர். பெண் கண்டக்டர் ஒருவர் தன் மகனை இந்தப் பாட்டைப் போட்டுத்தான் தூங்க வைத்தாராம். நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து அத்தனை புரளியையும் ஐஸ்கிரீம் மாதிரி அனுபவித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. பத்து வயதுக் குழந்தையா? உன்னையா? நீ கீழே நின்று கூப்பிட்டால் மூன்றாம் மாடியில் ஈரத் தலையோடு எல்லோரும் வெளியே வருவார்கள். ஆலைச் சங்கு மாதிரி கனத்த குரல் என்றுதானே அந்தப் பெயரே வைத்தோம்? கீச்சுக் குரல்காரிக்கு யாராவது சங்கு என்று பெயர் வைப்பார்களா?

உடனே என்னிடம் உள்ள நம் கேசட்டைப் போட்டுவிட்டு ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்தேன். விரல்கள் தாமாகவே ஐந்தாம் கட்டையில் போய் நின்றன. நாம் என்றைக்கும் அந்தப் பாட்டை அங்கேதான் தொடங்குவோம். ஆனால் கேசட்டில் வருவது அங்கே இல்லை. ஆறைத் தாண்டி, ஆறரையையும் தொடாமல், இரண்டு கட்டைகளுக்கு நடுவில் விரிசலில் மாட்டிக்கொண்ட மாதிரி நின்றது. எந்த ஆர்மோனியத்திலும் அப்படி ஒரு இடமே கிடையாது. நானே வாசித்ததை என்னால் வாசிக்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, பெட்டிக்கும் ரிப்பேரா என்று கேட்டுவிட்டுப் போனார்.

தகரத்துக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். பதிவு செய்த அன்றைக்கு நடந்ததை அவள்தான் ஞாபகப்படுத்தினாள். கரண்டில் போட்டால் ‘உர்’ரென்று இரைச்சல் வருகிறது என்று பேட்டரியில் பதிவு செய்ய முடிவு செய்தோம். புதுப் பேட்டரி வாங்க யாரிடமும் காசு இல்லை. அவள் தன் டார்ச்சு விளக்கின் செத்துப்போன பேட்டரிகளை மொட்டைமாடிச் சுவரில் துணிகளுக்குப் பக்கத்தில் இரண்டு நாள் காய வைத்து எடுத்து வந்தாள். வெயிலில் காய்ந்த பேட்டரிக்குக் கொஞ்சம் உயிர் வரும் என்பது நம் விடுதியின் விஞ்ஞானம். உயிர் வந்ததுதான். ஆனால் பாதி உயிர்.

இப்போது புரிகிறதா? பதிவு செய்யும்போது நாடா இழுத்துக்கொண்டு மெதுவாக ஓடியிருக்கிறது. மறுநாள் பக்கத்து அறையிலிருந்து நல்ல டேப் ரெக்கார்டர் வாங்கிப் போட்டுக் கேட்டோம். அது சரியான வேகத்தில் ஓடியது. மெதுவாகப் பதிந்ததை வேகமாக ஓட்டினால் பாட்டு துரிதமாகும், குரல் மேலே ஏறிவிடும். பயத்தில் அவசரமாகப் பாடிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டோம். முதல் தடவை தன் குரலை டேப்பில் கேட்கிற யாருக்கும் அது யாரோ ஒருவருடையது மாதிரிதான் இருக்கும். அதனால் உனக்கும் சந்தேகம் வரவில்லை. விடுதிக் காப்பாளர் அம்மா தேன் மாதிரி இருக்கிறது என்றதும் நாம் மூவரும் மயங்கிவிட்டோம். அதன் பிறகு கல்யாணம், வேலை, குழந்தைகள். நீ பாடுவது நின்றது. உன் நிஜக் குரல் எங்கள் யாருடைய காதிலும் இல்லை, உன் காதிலும் இல்லை. கேசட்தான் இருந்தது.

அடுத்த கூட்டத்துக்குத் தகரத்தையும் இழுத்துக்கொண்டு, ஆர்மோனியத்தோடு போனேன். உண்மையைச் சொன்னதும் வாத்தியாரைத் தவிர எல்லோரும் கை தட்டினார்கள். கடைக்காரர் டேப்பின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற சின்னத் திருகாணியில் கை வைத்தார். நான் ஐந்தாம் கட்டையை அழுத்திக்கொண்டு, இதுவா அதுவா, இப்போது தெளிவா முன்பு தெளிவா என்று நிலையத்தில் கண்ணாடி மாற்றிப் போட்டுக் கேட்பது மாதிரியே கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் மில்லிமீட்டர் மில்லிமீட்டராகத் திருகினார். குழந்தைக் குரல் கொஞ்சம் வளர்ந்தது. பள்ளிக்கூடம் முடித்தது. அதன் பிறகு சட்டென்று, அந்தக் கடைக்குள் நீ நின்றாய், சங்கு. அதே கனம். ‘மழையே’ என்கிற இடத்தில் நீ மூச்சைப் பிடித்து இழுக்கிற அந்த இழுப்பு கேசட்டில் இத்தனை காலம் அவசரத்தில் ஓடிப்போயிருந்தது.

கண்டக்டர் அம்மாதான் முதலில் பேசினார்.

“இது சின்னப் பொண்ணு இல்லீங்க. யாரோ அக்கா. இந்தக் குரலைக் கேட்டா தூக்கம் வராது, கூடவே பாடத்தான் தோணும்.”

தகரம் மூக்கை உறிஞ்சினாள். அழுகிறாளோ என்று பார்த்தால், “அப்ப என் கை வேகமும் பேட்டரிதானாடி?” என்கிறாள். அந்தப் பாட்டில் தன் தாளம் மின்னல் மாதிரி இருக்கும் என்று வங்கியில் எல்லோரிடமும் பெருமை அடித்துக்கொண்டிருந்தாளாம். ஆமாம், உன் மின்னலும் பேட்டரிதான் என்றேன். கடையே சிரித்தது. அவளும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

இதோடு திருகிய வேகத்தில் எடுத்த நகலை வைத்திருக்கிறேன். நல்ல நேரம் எல்லாம் பார்க்க வேண்டாம், கடிதத்தை மடித்ததும் போட்டுக் கேள். நான் உன்னை ஏமாற்றப் பார்க்கவில்லை. ஆபரேஷன் உன் குரலை ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். அன்றைக்கு ஐந்தில் பாடியவள் இன்றைக்கு நாலில் பாடுகிறாய். அது குறைவுதான், உனக்கு வலிக்கிறது என்றும் தெரியும். ஆனால் நீ இழந்தது அந்த ஒரு கட்டைதான். மீதி உன்னுடையதே இல்லை. எட்டவில்லை என்று நீ சமையலறையில் அழுதது ஒரு டார்ச்சு விளக்கின் குரலுக்காக.

நீ வருகிற மாதக் கூட்டத்தில் நாம் மூவரும் அந்தப் பாட்டைப் பாட வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். நான் வாக்குக் கொடுக்கவில்லை, நீ திட்டுவாய் என்று தெரியும். ஆனால் சனிக்கிழமைகளில் தகரம் வங்கி முடிந்து நேராக இங்கே வந்துவிடுகிறாள். கூடத்துச் சோபாவை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பழகுகிறோம். நாலு கட்டையில் வாசிக்கிறோம். முதலில் விரல்கள் முரண்டு பிடித்தன, இப்போது பழகிவிட்டன. நீ தனியாகப் பாடுகிற இடத்தில் வாசிப்பை நிறுத்தி, காத்திருந்து, அடுத்த வரியைத் தொடங்குகிறோம். அந்த இடைவெளி ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் நீண்டுகொண்டு போகிறது என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள். மருந்தை நேரத்துக்குச் சாப்பிடு. மகளுக்கு என் முத்தம். ஜலதோஷம் சரியாகிவிட்டது என்று அவளிடம் சொல்லிவிடு. உன் தொண்டையும் மனமும் குளிர்ந்து, நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். நாலு கட்டையும் கஷ்டமாக இருந்தால் தயங்காமல் சொல். மூன்றுக்கு இறங்குவோம். அதற்கும் கீழே என் பெட்டியில் இன்னும் நிறையக் கட்டைகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் துடைத்து வைத்திருக்கிறேன்.

வழி பார்த்திருக்கும்,
உன் பெட்டி