அந்தப் பக்கம்தான் வாசல் இருக்கிறதே

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பியே இந்தத் தாளை எடுத்தேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம், ஆனால் நான் பேசும்போது அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள். நிற்காவிட்டாலும் எனக்குப் பேச்சு கோவையாக வருவதில்லை. எழுத்தில் வரிசை தப்பாது. எழுதப்போகிறவை:

1. நம் வீட்டு வாசல்களின் நிலை.
2. இரு தரப்பாரும் நம்மிடம் மரியாதையாகவே நடந்துகொண்டது.
3. அம்மாவும் நானும் கலந்து பேசி எடுத்த முடிவு.
4. நீ இப்போது புறப்பட்டு வரத் தேவையில்லை என்பது.

முதலாவது வாசல்கள். முன்வாசல் அம்மாவின் கத்தோலிக்கத் தெருவுக்கு, பின்வாசல் என் புராட்டஸ்டண்ட் தெருவுக்கு. ஞாயிறு காலையில் நீயும் அம்மாவும் முன்னால் பூசைக்குப் போவீர்கள். நானும் உன் அண்ணனும் பின்னால் ஆராதனைக்குப் போவோம். பெண் பிள்ளை தாய் வழி, ஆண் பிள்ளை தகப்பன் வழி என்று எங்கள் கல்யாணத்தில் பெரியவர்கள் பிரித்துக்கொடுத்தது. திரும்பி வந்து ஒரே மேசையில் சாப்பிட்டோம். எந்தக் கோயில் பிரசங்கம் அதிக நீளம் என்பதுதான் நம் வீட்டில் நடந்த ஒரே மதச்சண்டை.

சென்ற மாதம், ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போவது என்ற தகராறில் ஒரு துணிக்கடை எரிந்ததை உனக்குச் சொன்னேன். அதற்குப் பிறகு இரண்டு தெருக்களுக்கும் நடுவே இருந்த சந்துகளையெல்லாம் தகரம் வைத்து அடைத்துவிட்டார்கள். இப்போது ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குப் போக இரண்டே வழி. ஒன்று, பெரிய சாலையைச் சுற்றிப்போய்க் காவலர் நிற்கும் கதவு. மற்றது, நம் வீட்டுக் கூடம்.

இரண்டாவதற்கு இதுவே காரணம். முதலில் உன் சித்தி மகன் வந்தான். இப்போது அவன்தான் அவர்கள் இளைஞர் மன்றத் தலைவன். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, உட்காரச் சொல்லும்வரை நின்றுகொண்டே பேசினான். "பெரியப்பா, தப்பா நினைக்காதீங்க. உங்க மேல எங்களுக்கு என்ன சந்தேகம்? ஆனா உங்க வீடு வழியா எவனாவது பூந்து வந்துட்டான்னா நாளைக்கு உங்களுக்குத்தானே கெட்ட பேரு? முன்வாசலைச் செங்கல் வச்சு அடைச்சிடுறோம். உங்களுக்குத்தான் அந்தப் பக்கம் வாசல் இருக்கே" என்றான். நான் சரி என்றேன்.

மறுநாள் எங்கள் சபைச் செயலாளர் வந்தார். உனக்குத் தெரியும், என்னிடம் வரலாறு படித்தவர், பிளைவுட் கடை வைத்திருக்கிறார். அவரும் அதையே சொன்னார், பின்வாசலைக் காட்டி. "உங்களுக்குத்தான் அந்தப் பக்கம் வாசல் இருக்கே சார்" என்றார். நான் தயங்கியதைப் பார்த்து, "அந்தக் காலத்துல ஐரோப்பாவுல அவங்க நம்மள உயிரோட எரிச்ச கதையை நீங்கதானே சார் பாடம் எடுத்தீங்க? நான் மறக்கலை" என்று சிரித்தார். அதற்கு அடுத்த வகுப்பில் நாம் அவர்களைத் தூக்கிலிட்டதையும் எடுத்தேனே, அன்று நீ வரவில்லையா தம்பி என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் அவர் அளவு டேப்பை விரித்துவிட்டார். அவரிடமும் சரி என்றேன்.

இரண்டு பேரிடமும் சரி சொன்னால் வீட்டுக்கு வாசலே இருக்காது என்பது எனக்கு அப்போதே தெரியும். ஒருவர் கட்டிவிட்டால் மற்றவர் பாவம் பார்த்து விட்டுவிடுவார் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை உன் சித்தி மகன் கொத்தனாரோடு வந்து முன்வாசலை அடைத்தான். வேலை சுத்தம். பூச்சு காய்ந்ததும் உள்பக்கம் என்ன வண்ணம் வேண்டும் என்றுகூடக் கேட்டான். சிந்திய கலவையை அவனே கூட்டி அள்ளினான். கூடத்தில் இப்போது பகலிலும் விளக்குப் போட வேண்டியிருக்கிறது. அம்மாவின் மாதா சுரூபம் சுவரைப் பார்த்தபடி இருக்கிறது. முழங்கால் வலியோடு பெரிய சாலையைச் சுற்ற முடியாததால் இந்த ஞாயிறு அவள் பூசைக்குப் போகவில்லை. அடுப்பங்கரையிலேயே செபமாலை சொன்னாள். நான் ஆராதனைக்குப் போய்விட்டு வந்தேன். அன்று சாப்பாட்டில் பிரசங்கத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

அன்று மாலையே செயலாளர் மறுபடி வந்தார். முன்வாசல்தான் அடைத்தாயிற்றே தம்பி என்று மெல்லச் சொன்னேன். "அவங்க கட்டின சுவரை அவங்க இடிக்க எவ்வளவு நேரம் சார் ஆகும்? பேசினது பேசினதுதான். எங்க கொத்தனார் புதன்கிழமை வர்றாரு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, எங்கள் சபை முதியோர் இல்லத்தில் எனக்கு ஓர் அறை ஏற்பாடு செய்திருப்பதாகச் சொன்னார். அம்மாவுக்கு அறை எங்கே என்று கேட்டேன். "அது சபை அங்கத்தினருக்கு மட்டும்தான் சார். அம்மா தங்கச்சி வீட்டுல இருக்கட்டுமே. எல்லாம் அடங்கினதும் பாத்துக்கலாம்" என்றார். எல்லாம் என்றைக்கு அடங்கும் என்று கேட்கவில்லை. அடங்க எத்தனை தலைமுறை ஆயிற்று என்று பாடம் நடத்தியவன் நான்.

இனி மூன்றாவது. நான் இல்லத்துக்குப் போவது, அம்மா சித்தி வீட்டுக்குப் போவது, வீட்டைப் பூட்டிவைப்பது என்று முடிவு செய்தோம்.

இந்த வரியை எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன், பாப்பா. 'செய்தோம்' என்று எழுதியிருக்கிறேன். எழுந்து அடுப்பங்கரைக்குப் போய் அம்மாவிடம் அதை முதல் தடவையாகச் சொன்னேன்.

அவள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "கலந்து பேசினோமா? எப்போ? நான் தூங்கிட்டிருந்தப்பவா?" என்றாள். நான் காரணங்களை ஒன்று, இரண்டு என்று அடுக்கினேன். முடியும்வரை கேட்டாள். பிறகு சொன்னாள்: "கலப்புக் கல்யாணம்னு பீடத்துக்கு முன்னால நிக்க விடலை. பூவும் இல்லை, மணியும் இல்லை. சாமியார் உடுப்பு மாத்துற அறையில வச்சுத் தாலி கட்டினீங்க. அதுக்கு ஒரே ஒரு வாசல், பெருச்சாளி போற மாதிரி. அதுல குனிஞ்சு ரெண்டு பேரும் சேர்ந்துதான் வெளிய வந்தோம். இப்ப ஆளுக்கொரு வழியாப் போறதுக்கா?"

அவள் முக்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்வாசல் நிலைக்கு நடுவில் போட்டு உட்கார்ந்து, மிச்சக் காயை அங்கேயே நறுக்கினாள். "கொத்தனார் வரட்டும். என்னையும் சேர்த்து வச்சுக் கட்டட்டும். நீங்க உள்ள இருக்கீங்களா, வெளிய இருக்கீங்களான்னு மட்டும் முடிவு பண்ணிக்கோங்க" என்றாள். அந்தத் தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் எனக்கு வணக்கம்கூடச் சொன்னார்.

இன்று செவ்வாய். நாளைக் காலை செயலாளர் வருவார். சிரித்த முகத்தோடு, "என்ன சார், பேசினபடிதானே?" என்பார். வாழ்நாள் முழுக்க அந்தக் கேள்விக்கு நான் ஒரே பதில்தான் சொல்லியிருக்கிறேன். கண்ணாடி முன் நின்று வேறு பதில் சொல்லிப் பார்த்தேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அம்மா முக்காலியில் இருக்கும்போது என் வாய் பழக்கத்தில் "சரி தம்பி" என்று சொல்லிவிட்டால், பிறகு உள்ளே இருந்தால் என்ன, வெளியே இருந்தால் என்ன?

உன் அண்ணனுக்கும் இதையே படி எடுத்து அனுப்புகிறேன். நீ உன் கோயிலில், அவன் அவன் ஆலயத்தில், எந்த வார்த்தைகளால் கேட்பீர்களோ கேளுங்கள். என் உயிருக்காக வேண்டாம், என் வாய்க்காக வேண்டிக்கொள்ளுங்கள். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

என்றும் உன் நலம் நினைக்கும்,
அப்பா

பி.கு.: முழுதும் புதிதாக எழுதியிருக்கலாம். ஆனால் விடைத்தாளில் தவற்றை அழிக்கக் கூடாது, கீழே திருத்தம் எழுத வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவன் நான். மேலே மூன்றாவதாக எழுதியது தவறு. அது நாங்கள் கலந்து பேசி எடுத்த முடிவு அல்ல. நான் பயந்து எடுத்தது. நீ வரத் தேவையில்லை என்ற நான்காவதை இன்னும் திருத்தவில்லை. அதை உன்னிடமே விட்டுவிடுகிறேன்.