பதினோரு நொடி

மச்சான்,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நீ போன வாரம் ரசிகர் குழுவுக்கு அனுப்பிய பழைய கச்சேரிப் பதிவை, ஞாயிற்றுக்கிழமை நம் குழுவில் இருக்கும் எலக்ட்ரீஷியன் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து கேட்டோம். நம்ம பேண்ட் ஆட்கள் ஒரே பாட்டை அரை மணி நேரம் இழுத்து வாசித்தார்களே, அதே கச்சேரி. நீயே பதிவு செய்ததாக எழுதியிருந்தாய். கிட்டார் உச்சத்துக்குப் போகும் இடத்தில் பதினோரு நொடி சத்தமே இல்லை.

“கேசட்டைத் திருப்பிப் போட்டிருப்பாரு, விடுங்கப்பா” என்றார் எலக்ட்ரீஷியன்.

கேசட்டைத் திருப்ப நான்கு நொடி போதும். கை நழுவி நாற்காலிக்கு அடியில் விழுந்தால்தான் பதினொன்று ஆகும். அன்று கச்சேரியைப் பதிவு செய்தபோது எனக்கு விழுந்தது. குனிந்து எடுத்துக் கொடுத்தவன் நீ. உன் கேசட்டும் அதே இடத்தில் விழுந்திருக்குமோ என்றுகூட யோசித்துப் பார்த்தேன். ஆனால் அன்று நீ கொண்டுவந்தது ஒரு குடை மட்டும்தான்.

என் கேசட் காணாமல் போனபோது நீ என்ன சொன்னாய்? “பையைத் துவைக்கிறப்போ என் தங்கச்சிதான் தூக்கிப் போட்டிருப்பா.” நம்பினேன். பத்தொன்பது வருஷமாக, வீட்டில் எது காணாமல் போனாலும் முதலில் அவளைத்தான் முறைக்கிறேன்.

அவளிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. இதை எழுதும்போது அடுத்த அறையில் அந்தப் பதிவைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

“எங்கண்ணன் எவ்வளவு பத்திரமா வச்சிருந்திருக்காரு, பாருங்க. நானா இருந்தா தொலைச்சிருப்பேன்” என்கிறாள்.

இப்படிக்கு,
உன் தங்கையின் கணவன்